லூயிஸின் கால்கள்

காசிமேட்டுக் கடல்மேல் சத்தியமாக, இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்ததுதான் உண்டு, முழுதும் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

எழுபத்துநான்காம் வருஷ ஐப்பசி மழையில், சாப்பாட்டு கேரியரோடு பிலோமி ஆஸ்பத்திரி வார்டுக்குள் வந்தாள். அவள் புருஷன் லூயிஸ் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுபவன். ஈரலில் புற்று. தொடையில் மெல்லிய குழாயை விட்டு, ரத்தக்குழாய் வழியே ஈரலுக்கே மருந்து செலுத்துவதாக டாக்டர் சொல்லியிருந்தார். மருந்தில் கொஞ்சம் வழிதவறித் தண்டுவடத்துக்குப் போய்விட்டது. கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே லூயிஸ் இல்லை.

அபூர்வமாக இப்படி ஆகுமாம். ஆயாதான் பிலோமியிடம் சொன்னாள். டாக்டர் அன்றுமுதல் அந்தக் கட்டிலைத் தாண்டும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி போனார். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் உண்டு.

"கால் கட்டவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டுடி," என்றான் லூயிஸ்.

பிணத்துக்கல்லவா அப்படிக் கட்டுவார்கள், எழுந்து அலையாமல் இருக்க? பிலோமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீ உசுரோட கீறய்யா."

"நான் கீறேன். அதுங்க செத்துப்பூட்ச்சிங்க."

"கட்ட மாட்டேன். அந்த டாக்டரு வந்து இன்னா பண்ணான்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்ற வரிக்கும் கட்ட மாட்டேன். அலையட்டும்."

சொல்லியிருக்கக் கூடாது. செத்ததைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று ராயபுரத்தில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம். மழை இருட்டு, கரண்டும் இல்லை. டெட்டால் வாடைக்கு நடுவே ஈரக் கரி வாடை எழுந்தது, கப்பலிலிருந்து கரி இறக்கும்போது வருமே, அது.

தாழ்வாரத்தில் காலடிச் சத்தம்.

கனமான, அவசரமில்லாத நடை. கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் வாசலில் அவள் கேட்ட நடை.

திரும்பினாள். லூயிஸ் தூங்கிக்கொண்டிருந்தான்.

இடுப்புக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

காலடிகள் டாக்டர் அறைவரை போய் நின்றன. உள்ளே நாற்காலி கவிழ்ந்தது. பிறகு இரண்டு ஜோடிக் காலடிகள் திரும்பி வந்தன. ஒன்று டாக்டருடையது, ஓட்டம். மற்றது நடைதான், ஆனால் பின்தங்கவே இல்லை.

டாக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஆகலாம்னு எங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லல," என்று முணுமுணுத்தார்.

லூயிஸ் கண் திறந்தான்.

"இத்த சொல்றதுக்கு உன் கால் வரல. என் காலு வந்து உன்ன இட்டுகினு வர வேண்டியதாப் போச்சு."

போர்வை மெல்ல உப்பியது. பிலோமி புடவைத் தலைப்பைக் கிழித்து விரல்களைக் கட்டினாள். உள்ளங்கால்களில் அப்பிய கரி அவள் கையில் ஒட்டியது.

அந்த மாதமே லூயிஸைப் புதைத்தார்கள். ஆனால் டாக்டர் அறை வாசலில் காலைதோறும் கரித் தடங்கள். கட்டைவிரல்கள் ஒட்டிய ஜோடித் தடங்கள். குதித்துக் குதித்து உள்ளே போகின்றன, வெளியே வருவதில்லை. பெருக்குகிற பச்சையம்மா யாரையோ திட்டிக்கொண்டே துடைக்கிறாள்.

டாக்டர் மட்டும், கடைசிவரை, தானாக அந்தக் கட்டிலருகே வரவேயில்லை.