முள் கீழேதான் இருக்கிறது

வண்டி நேற்று மதியத்திலிருந்து ஷெட்டுக்குள் நின்றிருந்தது. சாவி மெக்கானிக்கான அவன் சட்டைப்பையில். இருந்தும் பானெட்டில் கை வைத்ததும் சுட்டது. தகரக் கூரையின் வெக்கையாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வெளியே காலையிலிருந்து மழை.

அது அவன் தங்கை புருஷனின் டீசல் பிக்கப். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. இனி தானே லோடு ஓட்டப்போவதாகத் தங்கை ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆனால் வண்டி தெருமுனை தாண்டினாலே கொதிக்கிறது, இன்ஜினுக்குள் ஏதோ தட்டுகிறது. ரேடியேட்டரைக் கழுவியாயிற்று. ஃபேன் பெல்ட் புதுசு. வாட்டர் பம்பையும் கழற்றிப் பார்த்துவிட்டான். எதிலும் குற்றமில்லை.

“அண்ணே, ஸ்டார்ட் பண்ணட்டா?” சாவியை வாங்கிக் கேபினில் ஏறியிருந்த தங்கை கேட்டாள்.

“பண்ணு பாப்பா. ஆக்சிலேட்டர லேசா மிதி, அதுமேல ஏறி உக்காந்துடாத.”

அவள் சிரித்தாள். சாவு விழுந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறான்.

இன்ஜின் உறுமி எழுந்தது. ஈரத் தகரத்தின் வாடையும் டீசல் புகையும் சூடேறிய ரப்பர் குழாயின் நாற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவர, அவற்றுக்கு அடியில், ஆஸ்பத்திரி வார்டில் மாப்பிள்ளையின் காயத்துக் கட்டை மாற்றும்போதெல்லாம் வந்த அந்த வாடையும் மெல்லக் கசிந்து வந்தது. கூடவே தட்டல். டேப்பெட் தளர்ந்திருந்தால் சன்னமாகக் கிண்கிணுக்கும், பேரிங் தேய்ந்திருந்தால் அடிவயிற்றிலிருந்து இடிக்கும். இது இரண்டுமில்லை. மூடிய கதவை யாரோ பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து அழுத்தினான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அப்படித்தான் பார்ப்பார்கள்.

“மச்சான், முள்ளு கீழதான் இருக்கு. மூடியத் தொறக்கட்டுமா?”

காதைச் சுட்டதுபோல் பிடியை உதறினான்.

அன்றைக்கு நடுரோட்டிலிருந்து போனில் மாப்பிள்ளை கேட்டது அதே வார்த்தைதான். சூடு காட்டும் முள் சும்மா சும்மா ஏறுகிறது என்று அவன் நச்சரித்ததால், மீட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தான் இவன்; அதன்பின் எவ்வளவு கொதித்தாலும் முள் ஏறாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மறந்தும் போனான். போன் வந்தபோது வாயில் பஜ்ஜியோடு, “தொற மாப்ள” என்றான். ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் கொதிநீர் மாப்பிள்ளையின் முகத்தில் அடித்தது. சாவு வீட்டுக் கூட்டத்திலிருந்து நழுவிப்போய் வயரைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தான். பாவி. அந்தக் கையாலேயே தங்கையின் தலையைத் தடவினான்.

“ஆஃப் பண்ணு!”

இன்ஜின் நின்றது. தட்டல் நிற்கவில்லை.

“ஏண்ணே, எனக்கு ஒண்ணுதான் புரியல,” என்றாள் அவள். தட்டல் அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. “அவரு அவ்வளவு உஷாரான ஆளு. சூடா இருக்கறப்ப எதுக்கு மூடியத் தொறந்தாரு?”

இப்போதாவது சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் இவளும் இல்லாமல் போய்விடுவாள். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

“அவசரப்பட்டுட்டான் பாப்பா. அவன் புத்தி அப்படி.”

தட்டல் நின்றது.

மழை மட்டும் கேட்டது. மெதுவாக, உள்பக்கமிருந்து, முன்கண்ணாடி பூராவும் ஆவி படர்ந்தது. அவள் உருவம் மங்கியது.

“பாப்பா, எறங்கு.”

கண்ணாடியில் ஓங்கித் தட்டினான்.

“எறங்குடி!”

கதவைப் பிடித்தான். கொதித்தது. கை பொசுங்கியது. திறக்கவில்லை.

உள்ளே அவள் பேசுவது கேட்டது. இவனிடம் இல்லை.

“ம்,” என்றாள். சற்று நேரம் கழித்து, “ம்... அப்புறம்?”

அவள் தலை பக்கத்து சீட்டின் பக்கம் சாய்ந்திருந்தது. பிறகு நிமிர்ந்தது. கண்ணாடியில் உள்ளங்கையளவு துடைத்து, அந்த இடைவெளி வழியாக அண்ணனைப் பார்த்தாள். கண்ணில் நீரில்லை. எல்லாம் தெரிந்த பார்வை.

அவள் கைகள் இரண்டும் ஸ்டியரிங்குக்குத் திரும்பின.

பக்கத்து சீட்டுக்கு நேராகவும் கண்ணாடியை ஒரு கை துடைத்தது. நிதானமாக. துடைத்த இடத்தில் வெந்த தோல் ஒட்டிக்கொண்டது.