கறை படாத சீட்

நவநீதன் காலை ஒன்பது மணிக்கு வந்து ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினான். அதியமான்கோட்டையில் குவாரி முதலாளி மாதவராஜ் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட் அது. உள்ளே சிவப்பு வண்டி நின்றது. இத்தாலிக்காரன் செய்தது, வயசு முப்பத்தைந்து. இரண்டே சீட், எஞ்சின் பின்னால். அதன் பேர் ஊரில் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அது சிவப்பு வண்டிதான். முதலாளி ஆசை ஆசையாய் வாங்கி, ஓட்ட மனசு வராமல் பூட்டி வைத்தே கண்ணை மூடினார்.

இன்று அதைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஆள் வருகிறது. பழைய வண்டிகளைச் சேர்க்கிறவர். அவர்களுக்கு வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறதோ அவ்வளவு மதிப்பு. 4,116 கிலோமீட்டர்தான் ஓடியது என்று முதலாளி மகள் கலைமதி விளம்பரம் கொடுத்திருந்தாள்.

கதவைத் திறந்தான். பச்சைப் பால் வாசம் முகத்தில் அடித்தது.

மீட்டரில் 4,154.

முந்தின நாள் சாயங்காலம்தான் எண்ணைப் பின்னுக்குத் திருப்பிவிட்டுப் பூட்டினான். சாவி அவனிடமே இருந்தது. விளம்பரம் வந்த நாளிலிருந்து ஒரு மாதமாக இதே கூத்து. தினம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். இங்கிருந்து பாப்பாரப்பட்டி ரோட்டுப் புளியமரம் வரை பத்தொன்பது. திரும்பி வரப் பத்தொன்பது.

எஞ்சின் இறுகிப் போகாமல் மாதம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி, காம்பவுண்டுக்குள் இரண்டு சுற்று சுற்றி, நோட்டில் எழுதி வைப்பது அவன் வேலை. பதினோரு வருஷம் ஒழுங்காகத்தான் செய்தான். போன தை மாசம் ஒரு விடியற்காலையில் புத்தி கெட்டுப் போய் கேட்டைத் தாண்டினான். இத்தனை வருஷம் துடைத்த வண்டி ரோட்டில் எப்படிப் பறக்கும் என்று ஒரே ஒரு தடவை பார்க்க ஆசை. ஆசை யாரை விட்டது?

சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன சாலம்மாள் பனிமூட்டத்தில் குறுக்கே வந்துவிட்டாள். வண்டிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அவள்தான் புளியமரத்தடியில் பாலும் ரத்தமுமாய்க் கிடந்தாள். உயிர் இருந்தது. பேச்சும் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ சாமி."

அவன் கதவைத் திறந்தான். தூக்கக் குனிந்தான். அப்போது சீட் கண்ணில் பட்டது. வெண்ணெய் நிறத் தோல். ஒரு சொட்டு காப்பிகூடச் சிந்தாத சீட். ரத்தம் பட்டால் போகாது.

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு செங்கல் லாரிக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு போனார். வழியிலேயே உயிர் போய்விட்டது. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகப் பேச்சு. எந்த வண்டி என்று யாருக்கும் துப்புக் கிடைக்கவில்லை. மனசு கேட்காமல் நவநீதன் காரியத்துக்குப் போனான். பால் சொசைட்டி ஆள் என்று நினைத்துக்கொண்டு அவள் மகள் அன்பரசி அவனுக்கும் இலை போட்டாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக் கேட்டு வேறு பரிமாறினாள். அந்தச் சோறு இன்னும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

இன்றும் மீட்டர் எண்ணை அவசர அவசரமாகப் பின்னுக்குத் திருப்பி மூடினான். கை துடைப்பதற்குள் கலைமதியின் கார் வந்து நின்றது.

கூட இறங்கிய பெங்களூர்க்காரர் பேர் மாதேஷ். வெள்ளைப் பேண்ட், மெதுவான பேச்சு. வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கீழே படுத்துப் பார்த்தார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில் சீட்டைத் தடவி, இத்தனை வருஷத் தோலில் ஒரு கறைகூட இல்லையே என்று வியந்தார்.

"நவநீதன் அண்ணன் இருக்காருங்களே," என்றாள் கலைமதி பெருமையாக. "கறை படவே வுட மாட்டாருங்க."

நவநீதன் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

மாதேஷ் அவன் முகத்தைப் பார்த்தார். "இவ்ளோதான் ஓடிச்சா? நீங்க சொன்னா நம்பறேன்."

இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும், பேர் போகும், ஜெயிலுக்கும் போக வேண்டும். ஆனால் அன்பரசிக்கு, தன் தாயை ரோட்டில் விட்டுப் போனவன் யார் என்று தெரியும்.

"இவ்ளோதாங்க," என்றான்.

ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று மாதேஷ் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

உடனே எழுந்து வெளியே வந்தார்.

அவர் பேண்ட் பின்பக்கம் நனைந்திருந்தது. கலைமதிக்குக் கேட்காதபடி நவநீதனிடம் மட்டும் சொன்னார். "யாரோட மடியிலயோ உக்காந்த மாதிரி இருக்கு."

நவநீதன் சீட்டைப் பார்த்தான். தோல் அழுந்தியே இருந்தது. மேலே எழும்பவில்லை.

உள்ளேயிருந்து மூச்சு வாங்கும் சத்தம்.

"தூக்கிட்டுப் போ சாமி."

அவன் வண்டியில் ஏறினான். கலைமதி கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. தர்மபுரி வரைக்கும் பக்கத்தில் திரும்பியே பார்க்கவில்லை. இதோ வந்துட்டோம் ஆயா, இதோ வந்துட்டோம் என்று அழுதுகொண்டே ஓட்டினான். தையில் சொல்லியிருக்க வேண்டியதைப் பங்குனியில் சொல்லிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தி, ஓடி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தான். சீட் காலியாகத்தான் இருந்தது. ஒரு நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சட்டையில் தெரசா என்று எழுதியிருந்தது.

அவள் காலி சீட்டுக்குள் குனிந்தாள். இரண்டு கையையும் உள்ளே விட்டாள்.

"மெதுவா வாங்க ஆயா."

ஸ்ட்ரெச்சரின் மெத்தை அழுந்தியது.

"இவ்ளோ ரத்தம் போயிருக்கு," என்றாள் தெரசா. "யாரு இடிச்சது?"

"நான்தாங்க."

முதல் தடவையாக வாயைத் திறந்து சொல்லிவிட்டான். நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. போலீசுக்கும் போவோம், அன்பரசி காலிலும் விழுவோம் என்று நினைத்தான். சாலம்மாள் இதோடு விட்டுவிடுவாள் என்றும் நினைத்தான்.

தெரசா இரண்டடி தள்ளிவிட்டு நின்று திரும்பினாள்.

"நீங்களும் கூடவே வாங்கண்ணா. இந்தம்மா உங்க கைய வுட மாட்டேங்குறாங்க."

நவநீதன் குனிந்து பார்த்தான். அவன் மணிக்கட்டில் ஐந்து விரல்கள் பதிந்த பள்ளம் இருந்தது. பார்க்கப் பார்க்க அது இன்னும் ஆழமாக அழுந்திக்கொண்டே போனது.