தறி யாரென்று கேட்காது

நாலாம் தறியில் ஓடிக்கொண்டிருந்த மாங்காய் பார்டரில் ஒரு மாங்காய்க்கு நகம் முளைத்திருந்தது. ஜெகதீஸ்வரன் முதலில் அதைப் பிசிறு என்றுதான் நினைத்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்து மணக்கும் தறியின் மேல் குனிந்து, ஈரத் துணியை விரலால் தடவிப் பார்ப்பவனைப் போல மெதுவாகத் தடவினான். பிசிறில்லை. சந்தன நிறச் சேலையில் அரக்கு நூல் ஒழுங்காகவே ஓடி, ஒரு பெண்ணின் கட்டைவிரல் நகத்தை நெய்திருந்தது. அடியில் வெள்ளைப் பிறைகூட இருந்தது.

இளம்பிள்ளை ஊரில் தறி வைத்திருப்பவன் இதற்கெல்லாம் மயங்கி விழ மாட்டான். ஜக்கார்டு தறிக்குச் சொந்த மூளை கிடையாது. தலைக்குமேல் மாலையாகத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள் எந்த நூலைத் தூக்கச் சொல்கின்றனவோ அதைத் தூக்கும், அவ்வளவுதான். ஏணி போட்டு ஏறிப் பார்த்தான். அட்டைக்கோவையில் ஓர் அட்டை கூடுதலாக இருந்தது.

"நீ கோத்தியா அங்கமுத்து?" என்று தறி ஓட்டுகிறவரைக் கேட்டான்.

"நானெதுக்குங்க அதைத் தொடறேன்," என்றார் அவர்.

அட்டையை உருவிப் போட்டான். மறுநாள் காலையில் நாற்பது அட்டைகள் கூடியிருந்தன. பொழுது சாய்வதற்குள் சேலையில் ஒரு முழு வலது கை விழுந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை. கட்டைவிரலுக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு.

அந்தத் தழும்பை ஜெகதீஸ்வரனுக்குத் தெரியும். அது தனப்பிரியாவின் கை.

அவன் மனைவி போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கொரோனா இரண்டாம் அலையில், வைகாசியில், பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் கிடந்து போனாள். ஜிப் போட்ட பையில்தான் கொடுத்தார்கள். முகத்தை மட்டும் ஒருமுறை காட்டச் சொல்லிக் கவச உடை போட்டவர்களிடம் கெஞ்சினான். முடியாதென்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவனுக்கும் தெரியும். ஆனால் பதினெட்டு வருடம் விடிந்ததும் பார்த்த முகம், கடைசியில் எப்படி இருந்தது என்று தெரியாமலே எரிந்துபோனது. மூச்சுக்குத் தவித்து வாய் திறந்தபடி இருந்ததா, உறங்குவதுபோல இருந்ததா? இந்த ஒரு கேள்வி அவனைச் சோறு தின்ன விடவில்லை.

அவள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் டீச்சர். பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது, இதே நாலாம் தறியின் பக்கத்தில் நின்று போனில் பாடம் எடுத்து அனுப்பினாள். அந்த வீடியோவைத் திறக்க அவனுக்கு இதுவரை தெம்பில்லை. அன்று திறந்தான்.

"பாருங்க கண்ணுங்களா," என்றாள் தனப்பிரியா, தறியைத் தட்டிக் காட்டி. "நம்ம செல்லுக்குள்ள ரைபோசோம்னு சொல்றமே, அது இந்தத் தறியாட்டத்தான். ஆர்.என்.ஏ.ங்கறது அட்டை. அட்டையில இருக்கறதைப் படிச்சுப் புரதம் நெய்யும். யாரு அட்டைன்னு தறி கேக்காது. கொரோனா மாதிரி வைரஸ்கிட்டத் தறியும் இல்லீங்க, நூலும் இல்லீங்க. ஒத்தை அட்டைக்கோவையோட உள்ள வரும், அம்புட்டுத்தான். வந்ததும் மொதல்ல எதை நெய்யும்? தன்னோட சட்டைய இல்ல. அட்டையைக் காப்பி எடுக்கற கையை நெய்ஞ்சுக்கும். அப்புறம் அட்டைக்கு மேல அட்டை. எல்லாத் தறியும் அதுக்கே ஓடும், நம்ம நூலை வெச்சே." பேச்சை நிறுத்தி ஒருமுறை இருமினாள். "தூசிங்க," என்று சிரித்தாள்.

போனை நெஞ்சில் வைத்து அழுதான். அழுது முடித்து, வெட்டி வைத்திருந்த சேலையை விரித்துப் பார்த்தான். நெய்த விரல்களின் நுனியில் சாம்பல் நிறப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. அட்டையில் ஓட்டை குத்தும்போது உதிரும் பொட்டுகள்.

அந்த வாரமே நான்கு தறிகளிலும் கூடுதல் அட்டைகள் தொங்கின. நான்கிலும் பாதம் விழுந்தது, பிறகு கெண்டைக்கால், சேலை மடிப்பு, இடுப்பு. அங்கமுத்து வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஜெகதீஸ்வரன் தானே தறி ஓட்டினான். நூல் தீரத் தீர வாங்கிப் போட்டான்.

மகள் தமிழினிக்குப் பதினான்கு வயது. அம்மாவின் கண், அம்மாவின் பிடிவாதம்.

"அது அம்மா இல்லீங்கப்பா," என்றாள். "அதுக்கு நம்ம மேல பாசமும் இல்ல, கோவமும் இல்ல. தன்னை நெய்யச் சொல்ற அட்டை, அவ்ளோதான்."

"தெரியும் கண்ணு."

"அப்ப நூல் போடாதீங்க."

"மூஞ்சிய ஒருக்காப் பாத்துக்கறேன் சாமி. அப்புறம் நானே அறுத்துப் போடறேன்."

புதன்கிழமை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். ஒன்பது மணிக்குத் தெருவின் அத்தனை தறிகளும் ஒரே மூச்சில் ஓய்ந்தன. எங்கோ ஒரு காக்கை கரைந்தது, பால் வண்டி ஒன்று போனது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் அந்த அமைதியில் கண்ணை மூடினான்.

டக்.

தங்கள் பட்டறையிலிருந்து.

டக். டக். பிறகு நான்கும் சேர்ந்து.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினான். மோட்டார்கள் அசையாமல் நின்றன, பெல்ட்டுகள் நின்றன. ஆனால் ஊடை நூலை அடித்து நெருக்கும் அச்சு, நான்கு தறிகளிலும் போய்ப் போய் வந்தது. முதல் மூன்று தறிகள் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் உருவம் கழுத்தோடு நின்றிருந்தது. நூல் நேற்றே தீர்ந்துவிட்டது. அலமாரியில் வெறும் கோன்கள்.

நாலாம் தறியில் மட்டும் துணி வளர்ந்தது.

தமிழினி அங்கே குனிந்திருந்தாள். அட்டைக்கோவையை அறுக்க அவனுக்கு முன்னால் வந்திருக்கிறாள். கத்தரிக்கோல் தறிக்கு அடியில் கிடந்தது. அவளது சடை, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குள் சரிந்து, அவிழ்ந்து, ஊடையைக் கொண்டு ஓடும் நாடா போகும் பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஓர் அடிக்கு ஓர் இழை. ஒவ்வோர் அடிக்கும் தலை கொஞ்சம் உள்ளே போனது. இரண்டு கையாலும் தறிக் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்பா. அறுங்கப்பா."

நூல் அறுக்கும் கத்தியை எடுத்தான். ஓர் அடி வைத்தான். கண் துணியின் மேல் விழுந்தது.

சந்தன நிறத்தில் கறுப்பு முடி. கழுத்து முடிந்திருந்தது. தாடை ஏறிக்கொண்டிருந்தது. தாடையில் அந்தச் சின்னக் குழி.

டக். கீழ் உதடு.

டக். மேல் உதடு.

வாய் மூடியிருந்தது. தவித்த வாய் இல்லை. உறங்குகிறவளின் வாய்.

இன்னும் மூக்கு. கண். ஒரு சாண்தான்.

"அப்பா."

கத்தி கையில்தான் இருந்தது.

"சித்த இரு சாமி," என்றான்.

மகளின் நெற்றி அச்சில் முட்டியது. துணியில் மூக்கு தொடங்கியது.