டியூக் காட்டிய ஆள்

"எம் புருஷன் களவெடுக்கலைங்க ஐயா. நாய் அவரு முன்னாடி வந்து நின்னுடுச்சுன்னு பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

1908ஆம் ஆண்டு ஐப்பசியில், பதுளை வழக்கறிஞர் மயில்வாகனத்தின் அலுவலகத்தில் நின்றபடி பவுலினா சொன்னாள். ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கி இரவோடு இரவாகக் காணாமல் போயிருந்தது. காலையில் பங்களா ஜன்னல் கொக்கியில் ஒரு கம்பளிக் கிழிசல் தொங்கியது. மரை மான் வேட்டைக்குத் துரை வளர்த்த டியூக் என்ற பிளட்ஹவுண்ட் மோப்ப நாய்க்கு அதை முகரக் கொடுத்தார்கள். கன்றுக்குட்டி உயரமுள்ள அந்த நாய் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அவள் கணவன் லூக்காஸின் முன்னால் நின்றது.

"தரையை மோந்துக்கிட்டா வந்துச்சு?" என்று கேட்டார் மயில்வாகனம்.

"இல்லைங்க. தலையைத் தூக்கிக்கிட்டு நேரா ஓடியாந்துச்சு. அதுக்கு இவரைத் தெரியும். நாயைப் பழக்குற சிவஞானம், இவரு பழைய கம்பளியை மோக்கக் குடுத்து, இவரைத்தான் ஒளியவச்சுத் தேடவிடுவான்."

மறுநாள் மயில்வாகனம் தம் குமாஸ்தா ஷுக்ரியுடன் தோட்டத்துக்குப் போனார். கிழிசலைக் கொக்கியிலிருந்து எடுத்தவர் துரையே. அது காய்ந்திருந்ததா என்று கேட்டதற்கு, காய்ந்துதான் இருந்தது என்றார். இரவு முழுவதும் பெய்த மழை விடியும்போதுதான் விட்டதாம்.

மயில்வாகனம் சிவஞானத்தையும் அழைத்துவரச் செய்தார்.

"மழையில நனையாத கம்பளின்னா, அதை விடிஞ்ச பிறகுதான் மாட்டியிருக்கணும்" என்றார்.

"திருடனே விடிஞ்ச பிறகு வந்திருக்கலாமே, ஐயா?" ஷுக்ரி முந்திக்கொண்டு கேட்டான்.

"வந்திருந்தா ஈர மண்ணுல புது வாசனை இருக்கும், தம்பி. டியூக் தரையை மோக்கவே இல்லை. அது திருடனைத் தேடலை. இந்த வாசனை கிடைச்சா லூக்காஸ்கிட்ட ஓடணும்னு பழகியிருக்கு. பழக்க வச்சிருந்த கம்பளி யார்கிட்ட இருக்கும்?"

"கம்பளி தோட்டத்துல எல்லார்கிட்டயும் இருக்குங்க!" என்றான் சிவஞானம்.

"இருக்கட்டும். லயம் பூராவும் சோதனை போட்டாங்க. டியூக் படுக்கிற கூட்டைப் பார்த்தாங்களா? துரையைத் தவிர, அதுக்குள்ள கைவிட உனக்கு மட்டும்தானே தைரியம்?"

துரை நாயை வெளியே இழுத்துக் கட்டிவிட்டு, கூட்டின் அடிப்பலகையைப் பெயர்த்தார். வைக்கோலுக்குக் கீழே, சாக்கில் சுற்றிய துப்பாக்கி கிடந்தது. களவாக மரை சுடும் ஒருவனுக்கு அதை விற்கப் பேசியிருந்ததைச் சிவஞானம் ஒப்புக்கொண்டான்.

லூக்காஸ் சிறையிலிருந்து வந்ததும் துரை அவனை அழைத்தார். சிவஞானத்தின் வேலையை அவனுக்கே தருவதாகச் சொன்னார்.

லூக்காஸ் டியூக்கைப் பார்த்தான். அது வாலை ஆட்டியது.

"அது மேல எனக்குக் கோபம் இல்லைங்க" என்றான். "நான் எடுக்கலைன்னு கத்தினேன். யாரும் கேக்கலை. எங்க ரெண்டு பேருக்கும் துண்டு குடுத்துடுங்க, துரை. நாங்க போறோம்."

துண்டு என்ற அந்த விலகல் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. துரை எழுதிக் கொடுத்தார். பவுலினா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இருவரும் பூனாகலைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் நடந்தார்கள்.