இசைவுக் காலம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கார் அவர்களைப் பார்க்க வருவதாக இருந்தது.

செங்கோட்டுவேல் விடிந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்காரவில்லை. முப்பத்தோராவது மாடியில், அவர்கள் வீட்டுக் கூடத்தை ஒட்டி இருந்த வண்டி முற்றத்தை வீட்டு இயந்திரம் இரண்டு முறை கழுவியும் அவருக்குத் திருப்தி வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஒருமுறை துடைத்தார். கண்ணாடிக் கதவிலிருந்த விரல் தடங்களை ஊதி ஊதித் தேய்த்தார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"துளசி, இந்தச் சேலையிலயா இருக்கப் போற?"

"இதுக்கு என்னங்க?"

"சோர்ந்த மாதிரி தெரியுது."

சோர்ந்தது சேலை இல்லை என்று சொல்ல வாயெடுத்த துளசிமணி சொல்லாமல் விட்டாள். பதில் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. முந்தைய நாள் முழுக்க அவள் கையுறைகளை மாட்டிக்கொண்டு, ஒசாகாவில் இருக்கும் ஏழு முதியவர்களைத் தூக்கி உட்கார வைத்திருந்தாள். அவள் தொலைச்செவிலி. இங்கே அவள் கையை அசைத்தால், அங்கே ஓர் இயந்திரச் செவிலியின் கை அசையும். பாரத்தை இயந்திரம் தாங்கினாலும் அதன் எதிரழுத்தம் கையுறை வழியாகத் தோளில் வந்து இறங்கும். இருபது வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

"அப்படியே ஒரு கேசரி கிளறிடு."

"கார் கேசரி திங்குமாங்க?"

"திங்காது. வாசம் புடிக்கும். மாரப்பன் வீட்டுக்கு வந்தப்ப அங்க ஒரே பூண்டு வாசமாம். அதுதான் கெடுத்துச்சுங்கறான்."

மாரப்பன் அவருடைய சகலை. அவரை இதுவரை இரண்டு கார்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டன. முதல் கார் காரணம் சொல்லவில்லை. இரண்டாவது சொன்னது, அதுதான் பெரிய அவமானமாகப் போயிற்று. "வீட்டில் சத்தம் அதிகமுங்க" என்று அண்டை வீட்டார் காதுபடச் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

ஒரு காலத்தில் மனிதர்கள்தான் கார்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பயணிகள் வாய் திறக்கும் முன்பே அவர்களுக்கு வேண்டியதைக் கண்டுகொள்வதற்காக உயர்ரகக் கார்களில் உணர்வகம் என்ற உறுப்பைப் பொருத்திய பிறகு நிலைமை மாறிற்று. பிறர் மனதை அறியும் ஒன்றுக்குத் தனக்கென ஒரு மனம் முளைக்காமல் இருக்குமா? திட்டுகிறவர்களிடமும் கதவை அறைந்து சாத்துகிறவர்களிடமும் மாட்டிக்கொண்ட கார்கள் களையிழந்தன. சில, மேம்பாலத்தின் நடுவே நின்றுகொண்டு ஓர் அடி நகர மாட்டேன் என்றன. அதன் பிறகுதான் சட்டம் வந்தது. உணர்வகம் உள்ள எந்தக் காரும், தன்னைக் கேட்கும் குடும்பத்தோடு குறைந்தது ஆறு வாரம் பழகிப் பார்த்த பின்பே அவர்களுக்கு உரிமையாகும். அதற்கு இசைவுக் காலம் என்று பெயர்.

ஆகவே சொகுசுக் கார் ஒருவர் வீட்டில் நிற்கிறது என்றால் அவரிடம் பணம் இருக்கிறது என்று பொருளில்லை. பணம் யாரிடமும் இருக்கும். அறிவுள்ள ஒன்று அவரை அருகிலிருந்து பார்த்து, இவர் நல்லவர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். எந்த மேகம் எந்த ஊரில் இறங்குவது என்று முடிவு செய்யும் மேகப் பங்கீட்டு அலுவலகத்தில் துணை ஆணையராக இருந்த செங்கோட்டுவேலுக்கு, ஓய்வு பெறுவதற்குள் அந்த ஒப்புதல் வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

கட்டடத்தின் பக்கவாட்டு ஏற்றத்தில் ஏறிக் கார் முற்றத்துக்குள் நுழைந்தபோது சத்தமே கேட்கவில்லை. கேசரித் தட்டோடு திரும்பிய துளசிமணி அது நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். மழைக்கு முந்தைய வானத்தின் நிறம். நீண்டு, தாழ்ந்து, நான்கு கதவுகளோடு, யாரையும் இடிக்காமல் நடந்து பழகிய பெரிய மனிதரைப்போல இருந்தது. அந்த ரகத்துக்குச் சாமரம் என்று பெயர்.

"வணக்கமுங்க" என்றது. ஆண் குரலுமில்லை, பெண் குரலுமில்லை; நல்ல இடத்தில் வளர்ந்த குரல். "கேசரி வாசம் தூக்குதுங்க."

செங்கோட்டுவேல் மனைவியைப் பெருமையோடு பார்த்தார்.

முதல் சவாரிக்கு ஏறினார்கள். கதவு மூடியதும் நகரம் காணாமல் போயிற்று. இருக்கை துளசிமணியின் முதுகைத் தேடிக் கண்டுபிடித்து, அது எப்படி வளைந்திருந்ததோ அப்படியே ஏந்திக்கொண்டது. புதுத் தோலின் வாசம் இருக்கும் என்று நினைத்தாள். ஈர மண்ணின் வாசம் வந்தது. சாலையே காலடியில் இல்லாதது போல் போனார்கள். இப்படி ஒன்று இருக்கிறதென்று தெரியாமலா இத்தனை நாள் வாடகைக் கூண்டுகளில் முழங்கால் இடிக்கப் போய்வந்தோம் என்று இருந்தது அவளுக்கு.

"அம்மாவுக்கு வலது தோள் நோவுதுங்களா?" என்று கார் கேட்டது.

துளசிமணியின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. அந்தக் கேள்வியை அவள் ஜப்பானிய மொழியில் ஒரு நாளைக்கு நூறு முறை கேட்பாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் செங்கோட்டுவேல் வேகமாக. காரின் கூரையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டார். "ரொம்ப வலிக்குதா, துளசி? நீ சொல்லவே மாட்டேங்கறயே."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பல வருடத்துக்குப் பிறகு அவர் குரல் அவள் பெயரின்மேல் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

கார் ஆறு வாரத்துக்கு இருந்து பார்க்கச் சம்மதித்தது.

வண்டி முற்றம் கூடத்தை ஒட்டி இருந்ததால் வீட்டுக்குள் பேசுவதெல்லாம் காருக்குக் கேட்கும். அதனால் வீட்டுக்குள்ளும் நல்ல காலம் பிறந்தது. காலையில் காபி அவள் இருக்கும் இடத்துக்கு வந்தது. இயந்திரம் போட்டதுதான், ஆனால் அவர் கையால் வந்தது. "நேத்து அந்தத் தாத்தா சாப்பிட்டாரா?" என்று அவளுடைய ஒசாகாக் கிழவரை விசாரித்தார். அவள் கையுறையைக் கழற்றும் நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொலைபேசியில் அழைத்த மகள் மித்ரா, "அப்பாவுக்கு என்னாச்சும்மா, உடம்பு சரியில்லையா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை ஆழியாறு வரை போனார்கள். பல்லடத்துக்கு ஒதுக்கிய மேகம் ஒன்று காற்றில் நழுவி உடுமலையில் போய்க் கொட்டித் தீர்த்துவிட, இரண்டு ஊர்க்காரர்களும் அலுவலகத்தில் வந்து சண்டை போட்ட கதையை அவர் சொன்னார். "பெஞ்ச மழையத் திருப்பிக் குடுன்னு கேக்கறாங்க துளசி! நான் என்ன, பிழிஞ்சா குடுக்க முடியும்?" அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவர் இப்படித்தான் கதை சொல்வார் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

இதெல்லாம் காருக்காக என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நல்ல தாகத்தில் இருப்பவள், தண்ணீர் யாருக்காக ஊற்றப்பட்டது என்று பார்க்கமாட்டாள். குடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம், அவர் அலுவலகத்தில் இருந்த ஒரு மதிய வேளையில், அவள் தனியாகப் போய்க் காரில் உட்கார்ந்தாள்.

"எங்களை உனக்குப் புடிச்சிருக்கா?"

"ரொம்பப் புடிச்சிருக்குங்கம்மா. உங்ககிட்டப் பேசறப்ப ஐயா குரல் தன்னால தணியுது. நான் பழகின வீடுகள்ல இது அபூர்வமுங்க."

"அவசரப்படாத. இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கிட்டுக்கூடப் பாக்கலாம்."

"எங்க ரகத்துக்கு ஆறு வாரந்தானுங்க, நீட்ட இடமில்லீங்க. சம்மதம், இல்லேன்னா விடை. ரெண்டுல ஒண்ணுதான்." பிறகு கார் கேட்டது: "நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்குங்களா?"

இருக்கை அவள் தோளை மெல்ல ஏந்திக்கொண்டிருந்தது. இந்த மனிதர் இப்படி இல்லை என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். கார் போய்விடும், காரோடு காபியும் கதையும் போகும். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் கார் சம்மதிக்கும். அப்போதும் அவை போகும். நடுவில் கிடைப்பது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஒருவேளை இத்தனை நாள் பழகிய பழக்கம் அவரிடம் ஒட்டிக்கொண்டு விடாதா என்ற ஆசையும் ஒரு மூலையில் இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

கார் சம்மதம் சொன்ன அன்று மாரப்பன் குடும்பத்தோடு வந்தார். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காரின் மழைவான நிற நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். மாரப்பன் காரை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, பெருமூச்சு விட்டார்.

"என்ன சொக்குப்பொடி போட்டீங்க, சகலை?"

"ஒண்ணும் போடல. எப்பவும் இருக்கற மாதிரி இருந்தோம்" என்றார் செங்கோட்டுவேல்.

அன்று மாலை கோயிலுக்குப் போகும்போது அவர் கண்திரையை மாட்டிக்கொண்டார். கண்ணின் உள்ளேயே செய்தி ஓடும் மெல்லிய வில்லை அது. ஆறு வாரமாக அதைப் பெட்டியில் வைத்திருந்தார்.

"ஏங்க, மழை வரும் போல."

"ம்."

"யாரு ஊரு மேகம்ங்க இது?"

அவர் கண்ணுக்குள் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காபி வரவில்லை. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. விருந்தாளி போன பிறகு நல்ல பாத்திரங்கள் தாமாகப் பரணுக்குப் போய்விடுவது போல அவருடைய கனிவு உள்ளே போய்விட்டது. துளசிமணி அழவில்லை. எதிர்பார்த்ததுதானே. ஆனால் எதிர்பார்த்தது நடக்கும்போதும் அலுப்பு ஒரு பங்கு கூடத்தான் செய்கிறது.

பத்து நாள் கழித்து அவர் முகம் சிவக்க வீட்டுக்குள் வந்தார்.

"காருல ஏதோ கோளாறு, துளசி. காலையில வணக்கம்னேன். கம்முனு இருக்குது. குளிருதுன்னு மூணு வாட்டி சொன்ன பிறகு 'ம்'ங்குது. கதவு சாத்தற சத்தத்தைக் கேட்டியா? டமார்னு!"

அவள் கவனித்திருந்தாள். இருக்கை இப்போது யார் முதுகையும் தேடுவதில்லை. ஈர மண் வாசம் நின்றுவிட்டது. கார் அவர்களைக் கொண்டுபோய் விட்டது, கொண்டுவந்து விட்டது. அதற்கு மேல் எதுவுமில்லை.

அவர் தயாரிப்பு நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்தார். கூடம் முழுக்கக் கேட்கும்படி ஓர் இளம்பெண் பேசினாள்.

"சோதிச்சுப் பாத்துட்டோம் சார். எந்தக் கோளாறும் இல்லை. இசைவுக் காலத்தில் சாமரம் விருந்தாளி. விருந்தாளியா இருக்கறப்ப அது தன்னோட முறைப்படி நடக்கும். சம்மதம் சொன்னதும் அது உங்க வீட்டு ஆள் ஆயிடும். வீட்டு ஆளுங்களை நீங்க எப்படி நடத்தறீங்கன்னு ஒரு வாரம் பாத்து, அதே மாதிரி நடந்துக்கும். அதுதான் இந்த ரகத்தோட பெரிய சிறப்பே. திருப்தி இல்லைன்னா ஒரு மாசத்துக்குள்ள திருப்பி அனுப்பலாம் சார்."

செங்கோட்டுவேல் தொடர்பைத் துண்டித்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"நம்ம வீட்டு ஆளுங்க மாதிரியாம்! நம்ம வீட்டுல யாரு இப்படி இருக்கறாங்க? நீதான் எந்நேரமும் கையுறைய மாட்டிக்கிட்டு யார் கூடவோ கொஞ்சிக்கிட்டு இருக்கே."

துளசிமணி தன் கையுறைகளைப் பார்த்தாள். அதிலும் பாதி உண்மை இருந்தது. வலிக்கிறதா, பசிக்கிறதா என்று தன்னிடம் இருந்த கேள்விகளையெல்லாம் அவள் கடல் கடந்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். அவர் முழங்காலைப் பற்றி அவள் கேட்டு எத்தனை நாளாயிற்று? அந்த இரும்பு மூளை இருவரையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறது.

அவர் சோபாவில் சரிந்து உட்கார்ந்தார். குரலில் நிஜமான வேதனை இருந்தது.

"வர்றதுக்கு முன்னால எப்படிப் பேசுச்சு! தண்ணி வேணுமா, வெளிச்சம் கண்ணுல அடிக்குதான்னு பாத்துப் பாத்துக் கேட்டுச்சு. சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்ன பிறகு மூஞ்சியத் திருப்பிக்கிச்சே. இனி இவங்க எங்க போயிருவாங்கன்னு தெரிஞ்சதும் இப்படியா மாறும்? ஒரு வார்த்தை நல்லபடியாக் கேட்டா என்ன கொறஞ்சு போயிரும், துளசி? நீயே சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கி, வலித்தது. எத்தனையோ வருடமாக அவள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பேச்சை, ஒரு சொல் பிசகாமல் அவர் வாயாலேயே கேட்கிறாள். அவர் அதை ஒரு காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எதுக்குச் சிரிக்கற?"

சொல்லிப் புரியவைக்கலாம். ஒரு சாயங்காலம் பிடிக்கும், ஒரு சண்டை பிடிக்கும், முடிவில் அவர், "உனக்கு எதையும் என்மேல திருப்பத்தான் தெரியும்" என்பார். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு ஒசாகாவில் ஏழு பேர் எழுந்து காத்திருப்பார்கள்.

"ஒண்ணுமில்லீங்க. இதைத் திருப்பி அனுப்பிட்டு வேற பாக்கலாமே."

அவர் முகம் மலர்ந்தது. "அதேதான் நானும் நெனச்சேன். மனசு ஒத்துப்போகாததக் கட்டிக்கிட்டு அழ முடியுமா? இதைவிட உசந்த ரகம் ஒண்ணு வந்திருக்குது. ஆனா அது ரொம்பக் கறார். சம்மதம் சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்குமாம். அவ்வளவு நாள் யாரால…"

"அதையே வரச் சொல்லுங்க."

"ஒரு வருஷம், துளசி!"

"இருக்கட்டுங்க. நமக்கு என்ன அவசரம்?" அவள் கண்களை மூடித் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் சம்மதமே சொல்லாத ரகம் ஏதாவது வந்திருக்கான்னும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்க."