குழாய் குடித்த தண்ணீர்

இடது தோளில் ஆரம்பித்த வலி முழங்கைவரை இறங்கியிருந்தது. வலது தோள் அதைவிட மோசம் என்பதால் விந்திலா ஏணியை இடதிலேயே சுமந்து வந்தான். வால்நட் மரங்கள் இலை கொட்டி முடித்த நவம்பர். உறைபனி விழுவதற்குள் ஊரில் இருக்கிற கூரை ஓரத்துத் தகர வாய்க்கால்களை எல்லாம் வழித்தெடுத்தாக வேண்டும். இலை அடைத்துக் கிடந்தால் தண்ணீர் தேங்கி உறையும், தகரம் பிளக்கும், சுவர் ஊறும். இருபத்தைந்து வருடமாக அவனுக்கு இதுதான் வேலை.

கூட வந்தவன் பெத்ராகே, மனைவியின் தம்பி. கயிறும் வாளியும் அவன் கையில். வாய் மட்டும் ஓயவில்லை.

"ஏணிய நீ சுமக்குறியா, ஏணி உன்னச் சுமக்குதா மச்சான்?"

"பேசாம வாடா."

"பேசாம இருக்கத்தான் நீ இருக்கியே. ஒரு ஊருக்கு ஒருத்தன் போதும்."

வாத்தியார் எஃப்திமியின் வீடு ஊரின் கடைசியில், ஓடைக்கு இறங்கும் சரிவில் இருந்தது. செப்டம்பரில் வாத்தியாரை மகள் டவுனுக்கு அழைத்துப் போய்விட்டாள். அன்றிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. வாய்க்காலை மட்டும் சுத்தம் பண்ணிவிடுங்கள் என்று நேற்று அவள்தான் போன் செய்திருந்தாள். இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று விந்திலா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனைவி செத்த ஆகஸ்டிலிருந்து அவன் எதற்கும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சோறு போல, தூக்கம் போல, துக்கமும் அவனுக்குள் இறங்கவில்லை.

ஏணியைச் சாத்தி மேலே ஏறினான். மேலாகக் காய்ந்த இலை, அதற்கடியில் கறுப்புச் சேறு, ஒரு செத்த சிட்டு, ஓட்டுத் துண்டுகள். எல்லா வீட்டிலும் இருப்பதுதான். கையால் அள்ளி அள்ளிக் கீழே எறிந்துகொண்டே நகர்ந்தான். குளிரில் விரல்கள் மரத்துப்போய், அள்ளுவது தன் கைதானா என்றே தெரியவில்லை.

மூலையில், தண்ணீர் இறங்கும் குழாயின் வாய்க்கு வந்தபோது நின்றான்.

அங்கே ஒரு இலைகூட இல்லை. ஒரு சாண் அகலத்துக்குத் தகரம் பளபளவென்று இருந்தது, நக்கி வைத்த கரண்டி மாதிரி.

"என்ன மச்சான், புதையலா?"

"தண்ணி ஏத்து."

வேலை முடிந்தால் ஒரு வாளி தண்ணீரை வாய்க்காலின் மறுகோடியில் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். குழாயின் அடியில் தண்ணீர் வந்து விழுந்தால் அடைப்பில்லை. பெத்ராகே கிணற்றில் இறைத்துக் கயிற்றில் மாட்டினான். விந்திலா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து ஊற்றினான். தண்ணீர் தகரத்தில் சலசலத்து ஓடி மூலையில் இறங்கியது.

மடக். மடக். மடக்.

"வந்துச்சா?"

"ஒரு சொட்டு வரல."

இரண்டாவது வாளி. மூன்றாவது. மேலே விழுங்கும் சத்தம். கீழே குழாயின் வாய் வறண்டே இருந்தது. இறங்கி வந்து கொக்கிகளைத் தட்டிக் குழாயைக் கழற்றினார்கள். பெத்ராகே ஒரு பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தான். மறுபக்கத்தில் சாம்பல் நிற வானம் வட்டமாகத் தெரிந்தது. விந்திலா கையை உள்ளே விட்டான்.

ஈரமே இல்லை. விரலில் துருப்பொடி ஒட்டியது.

"மூணு வாளி எங்கடா போச்சு?" பெத்ராகேயின் குரல் இறங்கியிருந்தது. "மாட்டிட்டுப் போயிடலாம் மச்சான். நாளைக்குப் பாத்துக்கலாம்."

விந்திலா குழாயையே பார்த்துக்கொண்டு சொன்னான், ஆணி வாங்க மறந்ததைச் சொல்வது போல:

"உங்க அக்காவுக்குப் பதிமூணு வாளி பாக்கி வச்சிருக்கேன்."

அந்த ஊர் வழக்கப்படி, செத்தவர் பேரைச் சொல்லி, நாளுக்கு ஒரு வாளியாக நாற்பது நாள் அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். வாளிக்கு ஒரு வெட்டு குச்சியில். நாற்பதாம் நாள் ஓடைக்கரையில் சாட்சி வைத்து, கொடுத்தாயிற்று என்று சொன்னால்தான் செத்தவருக்கு அங்கே குடிக்கத் தண்ணீர். இவன் மனைவிக்குச் சுமந்தவள் ஊர்ப் பெண் சம்ஃபீரா. சுமந்தது இந்த வீட்டுக்குத்தான். இருபத்தேழாம் நாள் ஈரப் படியில் வழுக்கி அவள் கணுக்கால் முறிந்தது. மிச்சத்தை நானே சுமக்கிறேன் என்று குச்சியை வாங்கிக்கொண்டான் விந்திலா. அதே வாரம்தான் வாத்தியாரும் போய்விட்டார். பூட்டிய வீட்டில் யாரிடம் கொடுப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேறு வீடு தேடியிருக்கலாம். தேடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து, பதிமூன்று வெட்டுகளையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டான். விஷயம் தெரியாத சம்ஃபீரா, மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஓடைக்கரைக்கு வந்து, நாற்பதும் கொடுத்தாயிற்று என்று சத்தியம் செய்தாள்.

பெத்ராகே அவன் சட்டையைப் பிடித்தான். அடிக்கத்தான் பிடித்தான். அடிக்காமல் உலுக்கினான்.

"எங்க அக்காடா அவ! உனக்கு இருபது வருஷம் சோறு போட்டவ. ஒரு வாளித் தண்ணிக்கு உனக்குக் கை வரலியா?"

"வரல."

"அழவாவது செஞ்சியா நீ?"

விந்திலா குழாயை எடுத்து மறுபடி மாட்டினான்.

"மூணு போயிருக்கு. இன்னும் பத்து. இறைச்சுக் குடு மாப்ள."

இறைத்துக் கொடுத்தான். நாலு. அஞ்சு. ஓடையிலிருந்து மூடுபனி ஏறி வேலியை மறைத்தது. தூரத்தில் குரைத்துக்கொண்டிருந்த நாய் நிறுத்திவிட்டது. ஆறாவது வாளியில் சத்தம் வேகமானது. ஊற்றி முடிக்கும்வரை அது காத்திருக்கவில்லை. தண்ணீர் தகரத்தில் ஓடாமல் இழுபட்டுப் போனது. ஒன்பதாவதில் குழாயின் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. ஈர மண், அணைந்த மெழுகுவர்த்தி. விந்திலாவின் தோள் செத்துவிட்டது. கயிற்றை முழங்கையில் சுற்றி, உடம்போடு சாய்ந்து இழுத்தான்.

பன்னிரண்டு.

பதிமூன்று.

மடக். அப்புறம் நிசப்தம்.

"முடிஞ்சுது," என்றான். "இன்னொன்னு ஏத்து. இது கீழ வந்து விழும் பாரு."

பதினாலாவது வாளியை ஊற்றினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் குழாயின் அடியைப் பார்த்தார்கள்.

மடக். மடக். மடக்.

ஒரு சொட்டு வரவில்லை.

விந்திலா வாளியோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். பெத்ராகே சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மச்சான்," என்று கிசுகிசுத்தான். "அக்கா பேரச் சொல்லித்தானே ஊத்துன?"

விந்திலா யோசித்தான். பேர் சொல்லவில்லை. இன்று மட்டுமில்லை. சவப்பெட்டியை மூடிய நாளிலிருந்து அந்தப் பேரை அவன் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஒரு வாளிக்குக்கூடவா சொல்லல?"

"இல்ல."

பேர் சொல்லாமல் கொடுக்கும் தண்ணீர் யாருக்குப் போகும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேர் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு.

"அப்ப இவ்வளவு நேரமும் குடிச்சது யாரு?"

குழாயிலிருந்து இருவரும் பின்னால் நகர்ந்தார்கள்.

"இப்பச் சொல்லு மச்சான். ஒரு தடவ சொல்லிட்டு ஒரு வாளி ஊத்து. ஒன்னாவது அவளுக்குப் போகட்டும்."

விந்திலா வாயைத் திறந்தான். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் போல உதடு கனத்துத் தொங்கியது. நாக்கு எழும்பவில்லை. பேர் தெரியும், தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது. வாளியில் மிச்சமிருந்த தண்ணீர் அவன் கையில் ஆடி, பூட்ஸில் சிந்தியது.

"உன்னால முடியலன்னா நான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆகாது. குச்சிய வாங்கினவன் நான்."

ஏணியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். வேலிக் கதவைப் பெத்ராகே திறந்தபோது பின்னால் தகரத்தில் சத்தம் கேட்டது. குழாயின் உள்ளேயிருந்து. டொக். கொஞ்ச நேரம் கழித்து, டொக். சாராயக் கடையில் காலிக் கோப்பையை மேஜையில் தட்டி இன்னொன்று கேட்பது மாதிரி, அவசரமில்லாமல்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாலு வாளி போயிருந்தது. லிக்சாந்த்ராவுக்குப் பதிமூன்று வாளி தண்ணீர் இன்னும் பாக்கி.