நாற்பது சிடியில் ஒரு சாவி

இவனைப் போய் சார் என்று கூப்பிடுகிறேனே, என்று லோகநாயகி நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம், 2011இல், ஆயுதபூஜைக்கு முதலாளி செந்தமிழ்செல்வன் ப்ராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே நாற்பது சிடியில் எழுதி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிப் பொட்டலத்தோடு வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டிருந்தான். இவர்கள் சாஃப்ட்வேர் செய்துகொடுத்திருந்த கடலூர் ஆஸ்பத்திரியின் சர்வருக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் நுழைய விடும் சாவி ஃபைலும் அதற்குள் இருந்தது. அதைத் தனியாக வைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டிருந்தாள். "அட போம்மா, நம்ம ஜனங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போவுது" என்று சிரித்தான். எதுவும் தெரியாதவனுக்கே வரும் சிரிப்பு.

சிதம்பரம் தெற்கு வீதி மாடியறையில், மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் தட்டிக்கொண்டிருக்க, காய்ந்த சந்தனமும் ஈரச் சுவரும் கலந்து நாற, அந்தச் சாவியால் சர்வருக்குள் யாரோ நுழைந்திருப்பதைத் திரையில் பார்த்தாள். எங்கிருந்து நுழைந்தார்கள் என்று காட்டும் கட்டம் காலி. அப்படி இருக்க முடியாது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி வார்டிலிருந்து நர்ஸ் தங்கம்மாள்.

"ஏம்மா, ஏழாம் பெட்டு கொளஞ்சி இட்லி துன்னுகிட்டு இருக்காரு. ஒங்க கம்ப்யூட்டரு செத்துட்டாருங்குது. அதுவும் நாலு பத்துக்காம்!"

மணி நாலுதான்.

நாலு பன்னிரண்டுக்கு மறுபடி அடித்தது. "ஏழாம் பெட்டும்மா..." என்றாள் தங்கம்மாள். பின்னால் ஒரு பெண் அலறினாள்.

திரையில், ஆஸ்பத்திரியின் இறந்தவர் பட்டியலில் புது வரி. முதலில் நேரம். ஐந்து மணி. பிறகு பெயர், எழுத்தெழுத்தாக. செ. ந். த. மி.

சர்வரில் அந்தச் சாவியை அழித்தாள். எழுத்து நின்றது.

எதுவோ மறுபடி உள்ளே நுழையப் பார்த்தது. சாவி செல்லாது, என்று திரை சொன்னது. ஒரு நொடி. சாவி செல்லாது. ஒரு நொடி. சாவி செல்லாது.

தலையைத் துடைத்தபடி செந்தமிழ்செல்வன் வந்தான். "ஆஸ்பத்திரியில உள்ள போவ முடியலன்னு கத்துறாங்க. புதுச் சாவி பண்ணி பழையபடி ஃபோல்டர்லயே போடு. அஞ்சுக்குள்ள எல்லாருக்கும் மெயில்ல அனுப்பிடறேன்."

திரையில் வரிகள் நின்றன. காது கொடுப்பதுபோல.

போட்டுவிட்டால்தான் என்ன? அந்த எண்ணம் தன்னுடையதுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னா முழிக்கிற? வேல வேணுமா வேணாமா?"

இவன் உயிருக்காக. இந்த மடையனுக்காக.

கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போட மாட்டேன் சார்."